சாய் சுதர்சனும் திருவாரூர்ச் சிறுவர்களும்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், திருவாரூர்ப் பக்கத்தில் சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையோடு வயலில் இறங்கிவிடுவார்கள். மூன்று குச்சி. ஒரு ரப்பர் பந்து. ஆட்டம் தயார்!

எல்லா வயலும் அவர்களுக்குக் கிடைக்காது. நெல் அறுப்பதற்கு முன்பே பல வயல்களில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அந்த வயலில் பந்து விழுந்தால், எடுக்கப் போகிறவனுக்குத் திட்டு நிச்சயம். தெளிக்காத வயலைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதுவும் சில மாதம்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து குறுவைக்கு உழத் தொடங்கினால், மைதானம் போய்விடும்.

இந்தச் சிறுவர்களுக்குப் பிடித்த பெயர்களில் ஒன்று, சாய் சுதர்சன்.

அவர் திருவாரூர்க்காரர் அல்ல. 2001-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி சென்னையில் பிறந்தவர். ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளை. அது போதாதா?

அவருடையது விளையாட்டுக் குடும்பம். தகப்பனார் பரத்வாஜ் ஓட்டப் பந்தய வீரர். தெற்காசியப் போட்டியில் இந்தியாவுக்காக ஓடியவர். தாயார் உஷா தமிழ்நாட்டு அணியில் கைப்பந்து ஆடியவர்.

2023-ம் ஆண்டு ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய் சுதர்சன் குஜராத் அணியில். எதிரே சென்னை அணி. 47 பந்துகளில் 96 ரன் குவித்தார்! தமிழ்நாட்டு ரசிகர்களுக்குத் தர்மசங்கடம். அடிப்பவன் நம்ம பையன். அடி வாங்குவது நம்ம அணி. கைதட்டுவதா, தலையில் கை வைப்பதா? கடைசிப் பந்தில் சென்னை ஜெயித்ததால் பலருடைய மானம் தப்பியது.

2025-ல் அவர் ஐ.பி.எல்.லில் 15 ஆட்டங்களில் 759 ரன் எடுத்தார். அந்த ஆண்டில் அவ்வளவு ரன் எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

பூஜ்யம்!

அதே ஆண்டு மே மாதம், ரோகித் சர்மாவும் விராட் கோலியும் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விலகினார்கள். மூன்றாவது ஆளாக நெடுங்காலம் தூண் போல் நின்ற புஜாரா 2023-க்குப் பிறகு அணியில் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டுப் போனது போல இருந்தது.

ஜூன் 20-ந் தேதி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம். மூன்றாவது ஆளாக சாய் சுதர்சன் இறங்கினார். நான்கே பந்து. ரன் இல்லை. அவுட்!

இரண்டாவது இன்னிங்ஸில் 30 ரன் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் இடம் இல்லை. மான்செஸ்டரில் மறுபடியும் அழைத்தார்கள். 61 ரன் எடுத்தார். அக்டோபரில் டெல்லியில், வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 87 ரன். நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கல்கத்தா ஆட்டத்தில் மறுபடியும் வெளியே! அவருடைய இடத்தில் ஆடியவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். ஆகையால் ஊர்ப் பாசத்தில் இந்தக் குறையைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் 124 ரன் எடுத்தால் வெற்றி. இந்தியா 93 ரன்னில் சுருண்டது. குவஹாத்திக்கு சாய் சுதர்சனைத் திரும்ப அழைத்தார்கள். 15 ரன், 14 ரன். அந்த ஆட்டத்தில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

ஒரு நாள் உள்ளே, ஒரு நாள் வெளியே. இப்படி இருந்தால் எந்த இளைஞன் நிலையாக ஆடுவான்?

மூன்றாவது ஆளின் வேலை லேசானது அல்ல. முதல் பந்திலேயே ஒரு விக்கெட் விழுந்தால் உடனே ஓடவேண்டும். அப்போது பந்து புதியது. காற்றில் வளையும், எகிறும். முதல் இருவரும் நின்று ஆடினாலோ, காலில் பேடைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கவேண்டும். அதைப் பழக வருஷங்கள் ஆகும்.

முரளி விஜய்யின் கதையைப் பாருங்கள். சென்னைக்காரர். 2008-ல் டெஸ்ட் ஆட வந்தார். முதல் சதத்துக்கு 2010 வரை காத்திருந்தார். பிறகு நீக்கப்பட்டார். 2013-ல் திரும்பி வந்தார். கடைசியில் அவர் பெயரில் 12 டெஸ்ட் சதங்கள்! நீக்கியதோடு மறந்திருந்தால், அவற்றில் பெரும்பாலானவை கிடைத்திருக்குமா?

கிருபால் சிங்கின் கதை வேறு மாதிரி. சென்னை மாகாண வீரர். 1955-ல் ஐதராபாத்தில், நியூசிலாந்துக்கு எதிராக, முதல் டெஸ்டிலேயே சதம் போட்டார். அதற்குப் பிறகு ஒரு சதமும் இல்லை. ஆகவே முதல் ஆட்டத்துச் சதத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. முதல் ஆட்டத்துப் பூஜ்யத்தைப் பார்த்து மிரளவும் கூடாது. சாய் சுதர்சனுக்கு ஓர் ஆண்டு முழுவதும், தொடர்ந்து, அந்த மூன்றாவது இடத்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். அப்புறம் தீர்ப்புச் சொல்லலாம்.

வயலில் ஆடுகிறவன்

சென்னைப் பிள்ளைக்கே இந்தப் பாடு. திருவாரூர்ப் பிள்ளையின் கதி என்ன?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் வந்தார். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த கிராமத்துப் பிள்ளை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். ஆனால் அவர் பந்து வீசுகிறவர். பந்து வீச ஒரு பந்தும் வெட்டவெளியும் இருந்தால் ஓரளவு பழகிக்கொள்ளலாம். மட்டை பிடிக்க அது போதாது. தோல் பந்து வேண்டும். பேடு, கையுறை, தலைக்கவசம் வேண்டும். நன்றாகப் பந்து வீசும் நாலு பேர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சரியான ஆடுகளம் வேண்டும். வெடித்த வயலில் ரப்பர் பந்தை விளாசியவன், உருட்டிக் கெட்டிப்படுத்திய தரையில் தோல் பந்து மார்புக்கு வரும்போது திகைத்துப்போவான்.

2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் சென்னை, நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை என்று பல ஊர்களில் நடந்திருக்கின்றன. இந்த வரிசையில் டெல்டா ஊர் ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல ஆடுகளத்துக்கு முக்கியமாக வேண்டியது களிமண். தண்ணீர் விட்டு, உருளையால் அழுத்தி, காயவைத்தால் அது கல் போல இறுகும். களிமண்ணுக்கா திருவாரூரில் பஞ்சம்? உருளையும், ஆடுகளம் போடத் தெரிந்த ஓர் ஆளும், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மூலையும்தான் பாக்கி. கிரிக்கெட் சங்கமும் அரசு விளையாட்டுத் துறையும் கூடிப் பேசினால், இரண்டு தாலுகாவுக்கு ஒன்றாவது போட முடியும்.

போடும்போது, மேட்டு நிலமாகப் பார்த்துப் போடவேண்டும். ஜூன் 12-ந் தேதிக்குப் பிறகும் பையன்கள் ஆடவேண்டும் அல்லவா!