ஒரே கூரையும் இரண்டு அடுப்பும்

சண்டையிட்டு ஓய்ந்த இரு கட்சிகளை ஒரே மந்திரி சபையில் உட்கார வைத்துவிட்டால் சமாதானம் பிறந்துவிடும் என்னும் எண்ணம் உலகில் அடிக்கடி தலைகாட்டுகிறது. எந்தத் தேசத்தில் உள்நாட்டுக் கலகம் மூண்டாலும் வல்லரசுகள் முதலில் சொல்லும் மருந்து இதுவே. நல்ல மருந்துதான், ஆனால் பத்தியம் அறியாமல் உட்கொண்டால் பலன் தராது. நம் தேசமே ஒரு முறை அதை உட்கொண்டு பார்த்ததுண்டு. பள்ளிப் பாடத்தில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும் அந்தச் சரித்திரத்தை வாசகர்களுக்கு இவ்வாரம் நினைவூட்ட விரும்புகிறோம்.

1946 ஆகஸ்டு 16-ம் தேதி கல்கத்தாவில் மூண்ட வகுப்புக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்தப் புகை அடங்குமுன், செப்டம்பர் 2-ம் தேதி, டில்லியில் இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. வைஸ்ராய் வேவல் பிரபு அதன் தலைவர். பண்டித நேரு உபதலைவர். நம் ராஜாஜியும் அதில் ஓர் அங்கத்தினர். முதலில் விலகி நின்ற முஸ்லிம் லீக், அக்டோபர் 26-ம் தேதி உள்ளே வந்தது. அவர்களுக்கு இடம் தர, முன்னர் நியமனம் பெற்றவர்களில் மூவர் விலகினர். முடிவில் காங்கிரஸுக்கு 6, லீகுக்கு 5, சீக்கியர், கிறிஸ்தவர், பார்ஸி ஆகியோருக்குத் தலைக்கு 1 என்று 14 ஸ்தானங்கள் பங்கிடப்பட்டன.

எண்ணிக்கை தீர்ந்ததும் இலாகாத் தகராறு எழுந்தது. லீக் ஒரு பெரிய இலாகாவைக் கேட்டது. உள்நாட்டு இலாகாவை விட்டுத்தர சர்தார் படேல் இசையவில்லை. ஜான் மத்தாய் வகித்து வந்த நிதி இலாகா லியாகத் அலி கானிடம் போயிற்று. வீட்டில் பெட்டிச் சாவியை வைத்திருப்பவரின் அதிகாரம் குடும்பஸ்தர்களுக்குத் தெரியாததன்று. எந்த மந்திரி எந்தத் திட்டம் வகுத்தாலும் செலவுக்கு நிதி இலாகாவின் சம்மதம் வேண்டும். 1947 பிப்ரவரி 28-ம் தேதி லியாகத் அலி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் உப்பு வரியை ஒழித்தது. வியாபார லாபத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தது. ஏழைகளின் பட்ஜெட் என்றனர் ஒரு சாரார். காங்கிரஸை ஆதரிக்கும் வியாபாரிகள் மீது வீசிய அம்பு என்றனர் மறு சாரார். ஒரே சர்க்காரின் பட்ஜெட்டைச் சர்க்காரின் ஒரு பாதியே சந்தேகித்தது.

லீக் மந்திரிகள் தனியே கூடிப் பேசினர். நேருவைத் தலைவராக ஒப்பவில்லை. கூட்டுப் பொறுப்பு என்பதையே மறுத்தனர். டிசம்பர் 9-ம் தேதி கூடிய அரசியல் நிர்ணய சபைக்கும் அக்கட்சி வரவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது. டில்லியில் நாற்காலிகள் பங்கிடப்பட்ட அதே மாதத்தில் நவகாளியிலும் பீகாரிலும் வீடுகள் பற்றி எரிந்தன.

இதற்கு ஒரு கட்சியை மட்டும் பழிப்பது எளிது. நாம் வேறு விதமாகக் கருதுகிறோம். தேசம் ஒன்றா இரண்டா என்ற மூலக் கேள்வி தீராமலே பதவிகள் பங்கிடப்பட்டன. பிணக்கு வந்தால் தீர்க்கும் விதி மந்திரி சபைக்குள் இல்லை. இரு சாராரும் வைஸ்ராயிடம் முறையிட்டனர். அவரோ புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி.

1947 ஆகஸ்டு 15-ம் தேதி அமைந்த மந்திரி சபையிலும் 14 பேர் இருந்தனர். காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்து வந்த டாக்டர் அம்பேத்கர், ஹிந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி, ஜஸ்டிஸ் கட்சியிலிருந்த கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். செட்டியார் ஏற்றதோ அதே நிதி இலாகா. இச்சபை வேலை செய்தது. மூவரும் பின்னர் வெவ்வேறு காரணங்களால் விலகினர், சர்க்கார் குலையவில்லை. ஆனால் மூலத் தகராறு பிரிவினையோடு அறையை விட்டு வெளியேறிவிட்டது என்பதையும், அதற்காகத் தேசம் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது.

தகராறு அறைக்குள் இருக்கும்போதே வெற்றி கிட்டுமா? தென்னாப்பிரிக்கா ஒரு விடை தந்தது. அங்கே விதிகளைத் தேர்தலுக்கு முன்பே, 1993-ல், எழுதிவிட்டார்கள். 400 ஸ்தானங்களில் 20 பெற்ற கட்சிக்கு மந்திரி பதவியில் பங்கு. 80 பெற்றால் உப ஜனாதிபதி ஒருவரை நியமிக்கலாம். 1994-ல் 252 ஸ்தானங்கள் வென்ற மண்டேலாவின் கட்சி, தன்னை ஒடுக்கிய கட்சியின் டி கிளார்க்கையும், தன் ஆட்களோடு நேட்டாலில் இரத்தம் சிந்தப் போரிட்ட இன்கதாவின் புதலேஸியையும் சேர்த்துக்கொண்டது. 1996-ல் டி கிளார்க்கின் கட்சி வெளியேறியபோதும் சமாதானம் முறியவில்லை.

நம் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் திருவிழாக் கமிட்டி அமைக்கும் பெரியவர்கள், கணக்கை யார் பார்ப்பது, பிணக்கு நேர்ந்தால் எவர் சொல்லுக்கு அடங்குவது என்பதைப் பேசி முடித்த பிறகே தலைவர் யார் என்ற பேச்சை எடுப்பார்கள். அயல் நாடொன்றில் பகைவர்கள் சேர்ந்து மந்திரி சபை அமைத்த செய்தியை இனிப் படிக்கும்போது, யாருக்கு எத்தனை ஸ்தானம் என்பதோடு நின்றுவிடாமல், பெட்டிச் சாவி யாரிடம், வழக்கு வந்தால் தீர்ப்பு யாரிடம் என்றும் வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டுகிறோம்.