தலைமாட்டில் பாராங்

புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் பாராங் கத்தி இல்லாத வீடு அரிது. புல் வெட்ட, தேங்காய் சீவ, மட்டை கழிக்க அது வேண்டும். திருடன் வந்தால் இருக்கட்டும் என்று அதையே தலைமாட்டில் வைத்துப் படுக்கும் கிறிஸ்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரியாத லயத்தில் பயம் நியாயமானதுதான். ஆனால் லூக்கா 22-இல் இயேசு வாள் வாங்கச் சொன்னதைக் காட்டுவோர், அதே இரவில் வெட்டுப்பட்ட காதை அவர் தொட்டுக் குணமாக்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கத்தோலிக்க மறைக்கல்வி தற்காப்பை மறுக்கவில்லை. அளவு மீறக் கூடாது என்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 99-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. துப்பாக்கியைப் பற்றியோ பேச்சே இல்லை: உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் இந்த வட்டாரம் துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தது. 1948 டிசம்பரில் பத்தாங்காலி அருகே ஒரு தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, கொல்லப்பட்டவர்கள் கையில் ஆயுதமே இல்லை. இன்றும் நள்ளிரவில் கதவைத் தட்டுவது திருடன்தான் என்றில்லை; போதையில் வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். இருட்டில் ஓங்கிய கை அதை விசாரிக்காது. பாராங்கைக் கொட்டகையில் வையுங்கள். சபைகள் கோயில் கமிட்டியோடும் முஸ்லிம்களின் சுராவ் தொழுகைக் கூடத்தோடும் சேர்ந்து ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்க இரவுக் காவலுக்கு இளைஞர்களை அனுப்பட்டும். லயத்துக்கு விளக்குக் கேட்டு ஊராட்சி மன்றத்தின் வாசலில் போய் நிற்கட்டும்.