வரைபடத்தில் ஒரு கோடு குதித்தால் ஊரே ஓட வேண்டுமா?



அன்றிரவு நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கடல்மட்ட வரைபடம் ஒன்று. அதில் ஊசி போல மேலே எழும் ஒரு கோடு. கூடவே "கடல் எழும்புது, புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க" என்று ஒரு குரல் பதிவு. அரை மணித்தியாலத்தில் கடற்கரை வீதி வெறிச்சோடியது. நடக்க முடியாத உம்மம்மாமாரை ஆட்டோவில் தூக்கி ஏற்றினோம். விடிந்து பார்த்தால் கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

கேட்டால், "நல்ல நிய்யத்தில்தான் போட்டேன், படம் உண்மையான இணையத்தளத்தில் எடுத்தது" என்கிறார்கள். படம் உண்மையானதுதான். ஆனால் அதில் இருந்தது இன்னும் யாரும் சரிபார்க்காத பச்சைத் தரவு.

கொழும்பு, திருகோணமலை, கிரிந்த போன்ற இடங்களிலுள்ள கடல்மட்டக் கருவிகளின் அளவுகள் சர்வதேசத் தளம் ஒன்றில் உடனுக்குடன் வருகின்றன. கருவி அனுப்பியது அப்படியே வரும். ராடர் கருவிக்குக் கீழே ஒரு தோணி வந்து நின்றால் கடல்மட்டம் உயர்ந்ததாகக் காட்டும். மின்கலம் பலவீனமானாலும் கோடு குதிக்கும். ஆழ்கடல் சுனாமி மிதவைகள்கூட, அலை வராமல் நிலநடுக்கத்தின் அதிர்வு பட்டாலே அவசர நிலைக்கு மாறி அடுத்தடுத்துத் தரவு அனுப்பத் தொடங்கும்.

அதனால்தான் தரவைச் சோதிக்கிறார்கள். இந்த அளவு அந்த இடத்தில் சாத்தியமா? முன்னும் பின்னும் சாதாரணமாக இருக்க ஒரு புள்ளி மட்டும் குதித்ததா? ஒரே எண் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறதா? பக்கத்துக் கருவி என்ன சொல்கிறது? ஆழ்கடலில் சுனாமி மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஓரிடத்தைக் கடந்த அலை அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிடலாம். அந்த நேரத்தில் அங்கே அசைவில்லை என்றால் முதலாவது கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வேலை நமக்குப் புதியதா? உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. ஒவ்வோர் அளவுக்கும் அடையாள எண் உண்டு: 1 நல்லது, 2 நல்லதாக இருக்கலாம், 3 பிழையாக இருக்கலாம், 4 பிழை. பிழையானதை அழிப்பதில்லை, பிழை என்று குறித்து வைக்கிறார்கள். ஸஹீஹ், ஹஸன், ளஈப், மவ்ளூஃ என்று தரம் பிரித்த அறிஞர்களின் வாரிசுகள் நாம். அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார் என்று பார்த்த சமூகம், இன்று அனுப்பியவர் யாரென்றே தெரியாத செய்தியை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் சூரா அல்-ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை நாம் யாருக்காக ஓதுகிறோம்?

"2004 இல் காத்திருந்துதானே செத்தோம்" என்பார்கள். இல்லை. அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கைக் கட்டமைப்பே இருக்கவில்லை. சுமாத்ராவில் நிலம் அதிர்ந்து சுமார் இரண்டு மணித்தியாலத்தின் பின்தான் அலை நமது கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நமக்குச் சொல்ல ஆளில்லை. 2012 ஏப்ரல் 11 இல் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, ஓடினோம். கடல்மட்டத் தரவில் பெரிய அலை இல்லை என்று உறுதியான பின் எச்சரிக்கையை நீக்கினார்கள். அன்று ஓடியது சரி. பொறுப்பானவர்கள் சொல்லி ஓடினோம், அவர்கள் சொல்லித் திரும்பினோம்.

பயம் வீண்போகும் ஒவ்வொரு இரவும் நம்மில் சிலர் அடுத்த முறை ஓட மாட்டார்கள். உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் "இதுவும் பொய்தான்" என்று ஒரு வாப்பா கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

பொறுப்பானவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "அபாயமில்லை" என்ற செய்தியையும் நமது மொழியில், வதந்தி ஊரைச் சுற்றி முடிக்கும் முன் தர வேண்டும். அதை நாம் கேட்டு வாங்குவோம்.

ஆனால் கடல் திடீரென உள்வாங்கினால், அல்லது நிலம் பலமாக அதிர்ந்தால் யாரையும் கேட்க வேண்டாம். உடனே ஓடுங்கள். மற்ற நேரங்களில் வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சொல்வதைப் பாருங்கள். அவசரத்துக்கு 117. உறுதியான எச்சரிக்கையைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வோம். படங்களை நம் கையோடு நிறுத்துவோம்.

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஜனாஸாக்களை வரிசையாக அடக்கிய மக்கள் நாம். சுனாமி என்ற சொல்லை விளையாட்டாகப் பகிர நமக்கு உரிமையில்லை.