பாஸ்போர்ட் எடுத்தாச்சா?

வணிகப் பெருமக்களே! வாலிபச் சகோதரர்களே!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் நம் தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். 'எந்தக் கல்லூரி?' என்ற கேள்வியைவிட, 'பாஸ்போர்ட் எடுத்தாச்சா?' என்ற கேள்விதான் உரக்கக் கேட்கும். மாமா சவூதியில் இருக்கிறார், மச்சான் துபாயில் இருக்கிறார், விசா வந்துவிடும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சபுராளிகளின் வியர்வையில்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது, குமர்கள் கரையேறினார்கள். ஆனால் 2011இல் சவூதி அரசு நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும் பெட்டியோடு திரும்பியவர்களின் முகத்தை நாம் பார்த்தோமல்லவா?

நம்மைவிட நூறு மடங்கு இந்தப் பணத்தை நம்பி வாழ்ந்த மாநிலம் கேரளம். 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் மலையாளிகள் வெளிநாடுகளில் இருப்பதாகவும், ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 17 ஆயிரம் கோடி ரூபாய் வருவதாகவும் கூறுகிறது. இந்தப் பணம் வீடாக எழும்பும், நகையாக மின்னும். தொழிலாக மாறுவது குறைவு. எண்ணெய் நாடுகளின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கம் சாயும் பொருளாதாரம் அது. இதைக் கேரள அரசுகள் உணர்ந்து, அறிவை முதலாகப் போட்டு வேறு வருமானத்துக்கு வழி தேடின. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தத் தேடல் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கணினி வந்தால் வேலை போகும் என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் கொடி பிடித்த காலம் ஒன்று உண்டு. அதே இடதுசாரி ஆட்சியில், நாயனார் முதல்வராக இருந்தபோது, 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் உருவானது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. அப்போது எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்!

இதைவிட நமக்கு நெருக்கமான கதை மலப்புறத்தில் நடந்தது. காயிதே மில்லத் அவர்களை 1962, 1967, 1971 என்று மும்முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மஞ்சேரி இருக்கும் மாவட்டம். கல்வியில் பின்தங்கியது என்று முத்திரை குத்தப்பட்டிருந்த மாவட்டம். 2002 நவம்பரில் 'அக்ஷயா' திட்டத்தை அங்கேதான் தொடங்கினார்கள். தொடங்கி வைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர், நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். வீட்டுக்கு ஒருவர் கணினியைத் தொட்டுப் பழக வேண்டும் என்பதே இலக்கு. ஒரு குடும்பத்துக்குப் பயிற்சிக் கட்டணம் 140 ரூபாய். அதில் குடும்பம் கொடுத்தது 20 ரூபாய். மீதியை ஊராட்சிகள் கொடுத்தன.

வணிகப் பெருமக்களே, இந்த இடத்தில் சற்று நிதானியுங்கள். அந்த மையங்களை நடத்தியவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். உள்ளூர் இளைஞர்கள் வங்கிக் கடன் வாங்கிக் கணினி போட்டுக் கடை திறந்தார்கள். அரசு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பாடம் முடிந்ததும் கூட்டம் குறைந்து கையைக் கடித்தது உண்மைதான். பிறகு மின்கட்டணம், விண்ணப்பம், சான்றிதழ் என்று அரசுச் சேவைகள் அந்த மையங்களின் வழியே நடக்கத் தொடங்கின. கல்வியும் வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்பதைச் செய்து காட்டிய ஊர் அது.

அதன் பின் வந்தவை பெரிய பெரிய அறிவிப்புகள். 2020இல் டிஜிட்டல் பல்கலைக்கழகம். 2021 பட்ஜெட்டில் அறிவுப் பொருளாதார இயக்கம், ஐந்தாண்டில் 20 லட்சம் பேருக்கு வேலை என்ற வாக்குறுதி. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பு என்று சொன்ன கே-ஃபோன், பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2023 ஜூனில் வந்தது. அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டும் வழக்கம் நமக்கு வேண்டாம். இணையதளத்தில் எத்தனை பேர் பெயர் பதிந்தார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேர் சம்பளம் வாங்கினார்கள் என்பது வேறு கணக்கு. மேலே சொன்ன ஆய்வே இன்னொன்றையும் சொல்கிறது: வெளிநாடு சென்ற கேரள மாணவர்கள் 2018இல் சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம் பேர், 2023இல் சுமார் இரண்டரை லட்சம் பேர். படிக்க வைத்த அரசால் படித்தவனை ஊரில் நிறுத்த முடியவில்லை. அறிவை வாங்கும் தொழிற்சாலையும் நிறுவனமும் பக்கத்தில் இல்லாவிட்டால் அறிவும் விமானம் ஏறிவிடும்.

அந்த விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்து வைத்த மாநிலம். இங்கே கார் ஆலை உண்டு, மென்பொருள் நிறுவனம் உண்டு, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்மவர்களின் தோல் தொழில் உண்டு. 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இங்கே பிறந்ததுதான். வாசல் திறந்திருக்கிறது, நுழைந்தவர்கள் எத்தனை பேர்?

1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை எழுப்பியவர்கள் யார்? ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வியாபாரிகள். இன்று நம் ஊர்களில் குளிரூட்டிய திருமண மண்டபங்களுக்குக் குறைவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதோ, கணக்கை ஏற்றத் தெரிந்த பையன் ஒருவன் கடைத்தெருவில் கிடைக்காமல் நம் வியாபாரிகள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. இரண்டு ரசீதுக்காக ஆடிட்டர் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களில் இதைப் படிக்கும் சிலரும் இருப்பீர்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லா நிர்வாகிகளிடம் இரண்டு கணக்குகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டு நம் தெருவில் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைகள் எத்தனை? கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்த பிள்ளைகள் எத்தனை? கணக்கே இல்லை என்று பதில் வந்தால், பதிவேடு போடும் வேலையை இளைஞர்களே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி வாங்கும் செலவைக் கடைத்தெரு பார்த்துக்கொள்ளட்டும்.