கடைசி ஐந்நூறு மீற்றர்: கொழும்புக்குத் தேவை பொதுப் பொதி மையங்கள்

பொதுப் பொதி மையம் என்பது, பல கூரியர் நிறுவனங்களின் பொதிகள் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒரே இடத்தில் இறங்கி, தெருவாரியாகப் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ சிறு மின்வண்டியிலோ வீடுகளுக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு. வாங்குபவர் தாமே வந்து எடுத்துச் செல்லவும் அங்கே வழி இருக்கும். கொழும்பின் நடைமுறை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு நிறுவனமும் தன் களஞ்சியத்திலிருந்து தன் ஆளை அனுப்புகிறது. ஒரே ஒழுங்கைக்குள் ஒரே முற்பகலில் பல மோட்டார் சைக்கிள்கள் வந்து போகின்றன.

வெள்ளவத்தையில் இதன் சுமை வெளிப்படையாகத் தெரியும். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ராமகிருஷ்ண வீதி, கொலிங்வூட் பிளேஸ் போன்றவற்றில் தனி வீடுகள் இருந்த காணிகளில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. பொதி கொண்டுவரும் இளைஞர் வாசலில் நின்று தொலைபேசியில் அழைக்கிறார். “செக்யூரிட்டியிட்ட குடுத்திட்டுப் போங்கோ தம்பி” என்று மேலிருந்து பதில் வருகிறது. காசு வாங்காமல் பொதியைக் கொடுக்க முடியாது. எனவே மேலிருந்து ஆள் இறங்கி வரும்வரை அவர் நிற்க வேண்டும். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கார் ஹோன் அடிக்கிறது. வீட்டில் ஆள் இல்லையென்றால் பொதி களஞ்சியத்துக்குத் திரும்பி, மறுநாள் அதே வழியில் மீண்டும் வருகிறது.

இந்த வீண் ஓட்டத்தின் விலையை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டியது. அந்த ஆண்டு கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். ஒரே வாசலுக்கு இரண்டு முறை போவது அப்போது கட்டுப்படியாகாத ஆடம்பரமாயிற்று. எரிபொருள் வரிசைகள் மறைந்துவிட்டன. வீண் ஓட்டம் அப்படியே தொடர்கிறது.

பிற நகரங்களின் அனுபவத்தில் இரண்டு கவனிக்கத்தக்கவை. பெர்லினில் 2018இல் ஐந்து பெரிய பொதி நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் கொள்கலன்களை வைத்து, சரக்கு மிதிவண்டிகளில் விநியோகம் செய்தன. வளாகத்தை நடத்தியது அந்த நிறுவனங்களில் எதையும் சேராத, நகரின் துறைமுக நிறுவனமான பெஹாலா. ஆனால் கொள்கலனும் மிதிவண்டியும் ஆளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறாகவே இருந்தன. இடம் பொதுவாயிற்று, பொதிகள் ஒன்றுசேரவில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அரசே முன்னின்று, எந்த நிறுவனத்தின் பொதியையும் ஏற்கும் பெட்டக வலையமைப்பை 2021இல் தொடங்கியது. போட்டி நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் விபரத்தை ஒன்றிடம் ஒன்று காட்ட மாட்டா. ஆகவே நடுவில் நிற்பவர் அந்தப் போட்டிக்கு வெளியே இருப்பவராக இருப்பதுதான் முதல் நிபந்தனை.

கொழும்புக்கு இது அடியோடு புதிய யோசனையும் அல்ல. புறக்கோட்டையின் நாட்டாமைமார் தலைமுறைகளாகச் செய்வது இதுதான்: லொறி நுழைய முடியாத தெருக்களில், யாருடைய சரக்கானாலும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடைசித் தூரத்தைக் கடத்துகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் இரவு பஸ்களின் முன்பதிவு நிலையங்களில் பயணிகளோடு பொதிகளும் சேர்கின்றன. நாடெங்கும் 650க்கும் மேற்பட்ட பிரதான தபாலகங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளிலும் ஒன்று உண்டு; மையத்துக்கு அந்தக் கட்டடங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் தபால் திணைக்களமும் கூரியர் சேவை நடத்துவதால் அதனிடம் மையத்தின் நிர்வாகத்தை முழுவதாக ஒப்படைப்பது பொருந்தாது. கட்டடத்தில் ஒரு பகுதியை அது குத்தகைக்கு விட, மாநகர சபை நடத்துநரைக் கேள்விப்பத்திரம் மூலம் தெரிவுசெய்வதே சரியான வழி.

இரண்டு இடங்களுக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. வெள்ளவத்தை கடலோர ரயில் பாதையை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதி. ஒரே பெரிய மையத்தைவிட, ஐந்நூறு மீற்றருக்குள் நடந்து அடையக்கூடிய சில சிறு மையங்கள் மேல். வான்கள் காலி வீதியில் நிற்காமல் மரைன் டிரைவ் பக்கமாகப் பொதிகளை இறக்கலாம், அதுவும் அலுவலக நெரிசலுக்கு முன்பே.

கொட்டாஞ்சேனையில் சிக்கல் முகவரியில் தொடங்குகிறது. ஜெம்பட்டா வீதி போன்ற பழைய தெருக்களை ஒட்டிய தோட்டங்களில் ஒரே வரி இலக்கத்தின் கீழ் பல வீடுகள் இருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்கள் வரிசையாக வருவதும் இல்லை. வெளியாள் ஒருவர் வீடு வீடாக விசாரித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்த ஒருவருக்கு அது நிமிட வேலை. ஆகவே இங்கே மையத்தின் பெறுமதி கட்டடத்தில் இல்லை, அங்கே வேலைக்கு அமர்த்தப்படும் உள்ளூர் ஆட்களில் இருக்கிறது. துறைமுக லொறிகளின் நெரிசலையும், ஜூன் 13இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருவிழா போன்ற நாட்களில் வீதிகள் மூடப்படுவதையும் கணக்கில் எடுத்தே இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான முடிச்சு காசு. பொருளைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுக்கும் பழக்கம் இங்கு ஆழமானது. ஏமாந்தவர்களின் அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. வெறும் பெட்டகங்களைக் கொண்டுவந்து வைத்தால் அவை காலியாகவே கிடக்கும். மையத்தில் ஆள் இருக்க வேண்டும். காசும் லங்கா கியூஆரும் ஏற்கப்பட வேண்டும். வசூலான தொகை அன்றே நிறுவனவாரியாகத் தீர்க்கப்பட வேண்டும். திருப்பி அனுப்பும் பொதிகளும் அங்கேயே சேர வேண்டும். வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு ஒன்பது மணிவரையாவது மையம் திறந்திருப்பது அவசியம்.

வீட்டு வாசல் விநியோகத்தை நிறுத்துவதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மேல்மாடிகளில் தனியே வாழும் முதியோர் வெள்ளவத்தையில் ஏராளம். அவர்களுக்கு மேலதிகக் கட்டணமின்றிப் பொதி கதவடிக்கே வர வேண்டும்.

புதிய தொடர்மாடிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, வாகனத் தரிப்பிடத்தைப் போலவே பொதி அறையையும் இறக்கும் இடத்தையும் நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டாயமாக்கலாம். பொதிக் கணக்கில் கூலி பெறும் இளைஞர்களின் நிலையும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். மையம் வந்தால் ஒருவர் குறைந்த தூரத்தில் கூடுதல் பொதிகளைக் கொடுப்பார். மிச்சமாகும் எரிபொருள் செலவு நிறுவனத்துக்கே போகாமல் அவருடைய கூலியிலும் சேர வேண்டும் என்பதும், இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்கே மையத்தில் முன்னுரிமை என்பதும் நடத்துநருடனான ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டிய விதிகள்.