பொல் என்னும் போலிச் சந்திரன்

ஆசிரியர் சிலர் கூடியிருந்த இடத்தில் அண்மையில் ஒரு வாதம் எழுந்தது. மாணவர் கணனியில் விண்கலம் ஓட்டி விளையாடுகின்றனர். இல்லாத கிரகங்களுக்குச் செல்கின்றனர். இல்லாத சந்திரன்களில் இறங்குகின்றனர். இது காலத்தைப் பாழாக்கும் பொய்க்கூத்து என்றார் ஒருவர். அன்று, பௌதிகவியலைக் கற்பிக்க இதனினும் சிறந்த கருவி வேறில்லை, வகுப்பறைக்குள்ளேயே கொணர்தல் வேண்டும் என்றார் மற்றொருவர். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று முதலில் வாளாவிருந்தேன். ஆயின், 'போலி' என்ற சொல் இருவர் வாயிலும் பலகால் அடிபட்டது. அச்சொல்லோடு நெடுநாட் பழகியவன் என்ற உரிமையால் நானும் சில கூறினேன். அன்று கூறி முடியாததை ஈண்டு எழுதுகின்றேன்.

அவர்கள் பேசிய விளையாட்டை நான் கண்டிருக்கின்றேன். என் தங்கையின் மகன் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவன். அவனுடைய கணனியில் அது உண்டு. 'கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்பது பெயர். மெக்சிக்கோ நகரத்து நிறுவனமொன்று 2011ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2015இல் முழுவடிவு தந்தது. அதிலே நம் சூரிய குடும்பம் இல்லை. அதனைப் பார்த்துச் சமைத்த வேறொரு குடும்பம் உண்டு. அங்கே வியாழனுக்கு ஒப்பாக ஜூல் என்றொரு பச்சை நிறப் பெருங்கிரகம். அதற்கு ஐந்து சந்திரன்கள். ஐந்தினுள் மிகச் சிறியதும் மிக அப்பால் உள்ளதும் பொல். ஆரை 44 கிலோமீற்றர். மஞ்சள் பூத்த நிறம். மேற்பரப்பெங்கும் முட்கள் போன்ற முனைகள். தொலைவிலிருந்து நோக்கினால் மகரந்தத் துகளொன்றைப் பெருக்கி வைத்தாற் போலிருக்கும். மகரந்தத்துக்குரிய ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதியும் இப்பெயரும் ஒத்திருத்தல் காண்க. சிங்களத்தில் தேங்காய்க்கு இதே பெயராதலால், பையனின் தோழர் சிலர் அதனைத் 'தேங்காய்ச் சந்திரன்' என்றே வழங்குகின்றனராம்!

ஓரிரவு அவன் அங்கே இறங்குவதை அருகிருந்து பார்த்தேன். இரண்டு கலங்கள் ஒரே சுற்றுப்பாதையில் முன்னும் பின்னுமாகச் சென்றன. பின்னதை முன்னதோடு சேர்த்தல் வேண்டும். வேகத்தைக் கூட்டு, எட்டிப் பிடிக்கலாம் என்றேன். அவன் சிரித்தான். "இல்லை மாமா, கூட்டினால் மேலே ஏறிப் பிந்திப் போயிடுவம். முந்த வேணுமெண்டால் முதலிலை குறைக்க வேணும்" என்றான். நம்பாமற் செய்துகாட்டச் சொன்னேன். அவன் சொன்னபடியே நடந்தது. வேகத்தைக் குறைத்த கலம் தாழ்ந்து, குறுகிய பாதையில் விரைந்து சுற்றி முன்னே வந்தது. கெப்ளர் என்னும் பெரியார் பதினேழாம் நூற்றாண்டிற் கண்டுரைத்த விதியை நான் பாடப்புத்தகத்திற் படித்துப் பரீட்சையில் ஒப்புவித்தவன்; அன்றுதான் அதனைக் கண்ணாற் கண்டேன். பின்னர் இறக்கம். பொல்லிற் காற்றில்லை, ஆகவே குடை விரித்து இறங்கவியலாது. செல்லும் திசைக்கெதிரே தீயுமிழ்ந்து வேகத்தைச் சிறிது சிறிதாகக் கொல்லல் வேண்டும். ஈர்ப்போ பூமியின் ஈர்ப்பில் இருபத்தாறில் ஒரு பங்கு. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து நழுவிய பொருள் நிலஞ்சேர 2 விநாடிக்கு மேலாகும். கலம் முனையொன்றிற் பட்டு ஆறுதலாகச் சாய்ந்து, ஆறுதலாகவே உருண்டு விழுந்தது. அதனுள்ளிருந்து வெளிவந்த சிறு பச்சை மனிதன் முதுகிற் சுமந்த உந்துபொறியைக் கொண்டே மேலெழுந்து பொல்லைச் சுற்றத் தொடங்கினான். அதற்கு விநாடிக்கு 130 மீற்றர் வேகம் போதும்.

பொய்க்கூத்து என்றவர் இதனைக் கண்டிருப்பின் அச்சொல்லைச் சற்று விழுங்கியிருப்பார். ஆயின் மற்றவரும் மகிழவேண்டியதில்லை. ஏனெனில் மறுநாள் ஒன்று நிகழ்ந்தது.

"அந்தச் சந்திரன் எதனாலானது?" என்று நான் கேட்டேன். கேள்வி அறியாமையாற் பிறந்ததேயன்றி வேறில்லை. பையன் தாளும் பென்சிலும் எடுத்தான். ஆரையும் ஈர்ப்பும் தெரிந்தால் அடர்த்தியைக் கண்டுவிடலாம் என்றான். மேற்பரப்பின் ஈர்ப்பு ஆர்முடுகல் 0.373, ஆரை 44,000 மீற்றர். கணக்கு முடிந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீரைப்போல் முப்பது மடங்கு வந்தது. பொன் 19 மடங்கு. உலோகங்களுள் அடர்த்தி மிக்கதாகிய ஒஸ்மியமே 22 மடங்கிற்குச் சற்று மேல். பொல்லோ பூமியிற் கிடைக்கும் எப்பொருளாலும் ஆக்கவொண்ணாதது. அவன் பலநாள் நடந்து திரிந்த நிலம் கணக்கிலே கரைந்து போயிற்று.

காரணத்தை அவனே தேடிச் சொன்னான். விளையாடுவோர் பொறுமை கருதி, ஆக்கியோர் உலகங்கள் அனைத்தையும் ஏறக்குறையப் பத்திலொன்றாகச் சுருக்கினர். ஈர்ப்பை மட்டும் சுருக்கவில்லை. பூமிக்கு ஒப்பான கிரகத்தின் ஆரை அங்கே 600 கிலோமீற்றர்தான்; ஆயினும் பொருள் விழுவது இங்குப் போலவே. உருவைச் சுருக்கி இழுப்பை வைத்துக்கொண்டால் அடர்த்தி வீங்கும் அன்றோ?

உண்மைச் சந்திரனொன்றை இதனருகே நிறுத்திப் பார்த்தல் நன்று. சனிக்கிரகத்துக்கு ஃபீபி என்றொரு சந்திரன் உண்டு. பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் 1898இல் எடுக்கப்பெற்ற ஒளிப்படத் தட்டுக்களைக் கொண்டு, 1899இல் வில்லியம் பிக்கரிங் அதனைக் கண்டறிந்தார். ஒளிப்படத்தாற் கண்டுபிடிக்கப்பெற்ற முதற் சந்திரன் இதுவே. விட்டம் ஏறக்குறைய 213 கிலோமீற்றர். பொல்லைப்போல் இரண்டு மடங்கிற்கு மேல். ஈர்ப்போ பொல்லினதில் ஏழிலொரு பங்குகூட இல்லை. அங்கே ஒரு மீற்றர் விழுவதற்கு 6 விநாடி செல்லும். அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்கிற்குச் சிறிது மிகுதி; பனியும் பாறையும் கலந்தது. 1997இல் ஏவப்பெற்ற கசினி விண்கலம் ஏறக்குறைய ஏழாண்டு பயணஞ்செய்து, 2004 யூன் 11ஆந் திகதி 2,068 கிலோமீற்றர் தொலைவில் அதனைக் கடந்தது. (நம் மொழியிற் காசினி என்பது உலகத்தின் பெயர். எவ்வளவு பொருத்தமான விபத்து!) சனியிலிருந்து 1 கோடியே 29 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பாற் சுற்றுவதாகலின், அத்துணை அண்மையில் மீண்டும் செல்ல வாய்ப்பில்லை. அந்த ஒரு கடப்பிலேதான், கரிய தூசின் கீழே பள்ளங்களின் சுவரில் வெண்பனி மின்னியதைக் கண்டனர். விளையாட்டிலோ ஒரு விநாடிக்குள் ஒரு நாளுக்கு மேற்பட்ட காலத்தை ஓட்டிவிடலாம். ஏழாண்டுக் காத்திருப்பு என்பது என்ன என்பதை அது கற்பிக்கமாட்டாது. இதனை நான் பெருங்குறையென்றே கருதுகின்றேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். போலி என்றவுடன் கள்ளநாணயத்தை நினைப்பது உலக வழக்கு. இலக்கணத்தார்க்கோ போலி என்பது வேறு. 'இல்முன்' என்பது 'முன்றில்' என மாறி நிற்பதை இலக்கணப்போலி என்று ஏற்றுக்கொள்ளுகின்றோம்; பிழையென்று அடித்துவிடுவதில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்பது நமக்குத் தெரியும். கள்ளநாணயம் தன் கலப்பை மறைக்கும். பொல் மறைக்கவில்லை, தன் ஆரையையும் ஈர்ப்பையும் விளக்கமாக எழுதிவைத்துக்கொண்டு நிற்கின்றது. தன்னைப் பொய்யென்று காட்டும் கணக்கைத் தானே மாணவன் கையிற் கொடுத்தது. குறிலை நெடிலாக்கினால் அதன் பெயரே நம் உவமவுருபாகும். முகம் சந்திரனைப் போலும் என்றால் முகத்திற் பள்ளங்கள் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. பொதுத்தன்மை எது என்று கேட்பதே முறை. இங்கே பொதுத்தன்மை இயக்கம், பொருளன்று. இதனைச் சொல்லாது விடும் ஆசிரியர் உவமையைப் பொருளென்றே கற்பித்தவராவர். உவமையே கூடாதென்பவர் எதனைக்கொண்டு கற்பிப்பாரோ அறியேன்.

இயக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. அவ்விளையாட்டிற் சந்திரன்கள் ஒன்றையொன்று இழுப்பதில்லை. தண்டவாளத்தில் ஓடும் புகையிரதம் போல விதித்த பாதையிலே என்றும் ஓடும். கலத்தையும் ஒரு சமயத்தில் ஒரு கோளே இழுக்கும். இது பொறாத அன்பர் சிலர், எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கும்படி கணிக்கும் துணைநிரலொன்றை ஆக்கி, 'பிரின்சிப்பியா' என்று நியூற்றனின் நூற்பெயரையே அதற்கு இட்டனர். இழுப்பை உண்மையாக்கியதும் ஜூலின் குடும்பம் நிலைகுலைந்தது! பாதைகளைத் திருத்தவேண்டி நேர்ந்தது. திருத்தத்துள் ஒன்று, பொல்லின் அயலவனாகிய பொப் என்னும் சிறு சந்திரனை எதிர்த்திசையிற் சுற்றவிட்டமை. ஃபீபியும் அவ்வாறே சனியின் சுழற்சிக்கெதிராக ஏறக்குறைய 550 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுகின்றது. சனியோடு பிறவாது, எங்கிருந்தோ வந்து அகப்பட்டதென்பது அறிஞர் கருத்து. பெருங்கிரகத்திலிருந்து மிகத் தொலைவிற் சுற்றும் சந்திரனுக்கு எதிர்த்திசைப் பாதையே உறுதியானது. போலியைத் திருத்தப் புகுந்தவர்கள் இயற்கை சென்ற வழியிலேயே சென்று சேர்ந்தனர். இந்தக் கதையைக் கேட்டபின் அந்த விளையாட்டின்மீது எனக்கு மதிப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

பையன் இவற்றையெல்லாம் தமிழிற் கட்டுரையாக எழுதுகின்றான். எதிர்த்திசைச் சுற்றுக்குத் தமிழென்ன என்று கேட்டான். சோதிடர் கூறும் வக்கிரகதி ஆகாது. அது பூமியிலிருந்து நோக்குவார்க்குக் கிரகம் பின்செல்வது போலத் தோன்றும் தோற்றமாத்திரம். ஃபீபி மெய்யாகவே எதிராகச் செல்வது. இடஞ்சுற்றல் எனலாமோ என்று எண்ணினேன். அதுவும் பொருந்தவில்லை. வடக்கேயிருந்து நோக்கினால் கிரகங்களெல்லாம் சூரியனை இடமாகச் சுற்றுகின்றன. எதிர்த்துச் செல்லும் ஃபீபிதான் கோயிலை வலம்வரும் அடியாரைப்போலச் சனியை வலமாகச் சுற்றுகின்றது. இப்போதைக்கு 'எதிர்ச்சுற்று' என்று எழுதி வைத்திருக்கின்றான். இதனினும் நல்ல சொல் அறிந்த அன்பர்கள் தெரிவித்தால் அவனிடம் சேர்ப்பிப்பேன்.