வயர் அறுந்தாலும் நிற்க வேண்டும்



உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் உள் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை விரலால் அழுத்தினால் உள்ளே விளக்கு அணையும், விரலை எடுத்தால் எரியும். அதாவது, சும்மா இருக்கும்போது அதனூடாக மின்சாரம் ஓடுகிறது, அழுத்தினால் தடைப்படுகிறது. நாளுக்குப் பத்துத் தடவை நம் கண்ணில் படும் இந்தப் பொத்தானை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருந்த என் மகன், பின் விறாந்தையில் ஒரு சீ.என்.சீ. இயந்திரம் செய்யத் தொடங்கினான். கணனி தரும் எண்களின்படி தானாகவே நகர்ந்து மரத்தை வெட்டும் இயந்திரம் அது. எண்களால் இயங்கும் இத்தகைய இயந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். இன்று ஆர்டுயினோ என்ற உள்ளங்கையளவு மின் பலகையும், ஜெர்பில் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் மேசை மேலேயே செய்யலாம். பெயர்ப் பலகை வெட்டிக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்பது அவனுடைய கணக்கு.

இந்த இயந்திரத்தை நகர்த்தும் மோட்டருக்குக் கண் இல்லை. ஒரு சுற்றை 200 சிறு அடிகளாக வைத்து நடக்கும். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுக் கம்பியானால், 25 அடிக்கு ஒரு மில்லிமீற்றர். கணனி அடிகளை எண்ணுமே தவிர, வெட்டும் தலை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. பாதை முடிந்த பின்னும் "இன்னும் போ" என்றால் போகத்தான் பார்க்கும். அதனால்தான் பாதையின் முனைகளில் எல்லைச் சுவிச்சுகளை வைக்கிறார்கள். தலை வந்து முட்டியதும் அவை செய்தி அனுப்ப, இயந்திரம் நிற்கும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது தொடக்க இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இவற்றின் உதவியால்தான்.

மகனும் சுவிச் வைத்திருந்தான். ஆனாலும் ஒருநாள் அது நடந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் கிடந்த மரத்தூளை நான் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தேன். தலை எல்லைக்கு வந்தது, நிற்கவில்லை. 'கறகற' என்று சத்தமிட்டுக்கொண்டு முனைப் பலகையை இடித்துப் பிளந்தது. என் பெருவிரலுக்கும் அதற்கும் இரண்டு அங்குலம்கூட இல்லை. மகன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பிறகு பார்த்தால் சுவிச்சில் பழுதில்லை. அதற்குப் போகும் வயர் தலையோடு சேர்ந்து அங்கும் இங்கும் வளைந்து வளைந்து, வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்திருந்தது.

நானாக இயந்திரத்தின் அருகே கை வைத்தது முதல் பிழை. இரண்டாவது பிழை வயரிங்கில் இருந்தது. இந்தச் சின்னச் சுவிச்சுக்கு மூன்று கால்கள். ஒன்று பொது. மற்ற இரண்டில் ஒன்று என்.ஓ., அதாவது அழுத்தினால் மட்டும் மின்சாரம் ஓடும் கால். மற்றது என்.சீ., அழுத்தினால் மின்சாரம் நிற்கும் கால். நம் குளிர்சாதனப் பெட்டிப் பொத்தான் இந்த வகை. மகன் என்.ஓ. காலில் இணைத்திருந்தான்.

இதில் என்ன வித்தியாசம்? வெளியூர் போகும் பிள்ளையிடம் "ஏதும் கரைச்சல் வந்தால் மட்டும் கோல் எடு" என்று சொன்னால், அவனுடைய போன் செத்துப்போனாலும் எல்லாம் நலம் என்றே நாம் இருந்துவிடுவோம். "போய்ச் சேர்ந்ததும் கோல் எடு" என்று சொன்னால், கோல் வராத உடனேயே தேடத் தொடங்குவோம். என்.சீ. இரண்டாவது வகை. மின்சாரம் ஓடும்வரை நலம். தலை முட்டினாலும், வயர் அறுந்தாலும், இணைப்புக் கழன்றாலும் ஓட்டம் நின்றுவிடும், இயந்திரமும் நிற்கும்.

எது என்.சீ. கால் என்று சந்தேகமானால், மின் இணைப்பு எதுவும் இல்லாத நிலையில் மல்டிமீற்றரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். பொதுக் காலோடு சேர்த்துத் தொட்டதும் சத்தம் வந்து, சுவிச்சை அழுத்தினால் சத்தம் நின்றால் அதுதான். ஒரு திசைக்கு இரண்டு முனையிலும் சுவிச் இருந்தால், சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க வேண்டும். ஜெர்பிலில் $5=1 என்று மாற்ற வேண்டும்; $21=1 என்று இட்டால்தான் எல்லையில் நிறுத்தும் வேலை நடக்கும்.

தொடாமலே உலோகத்தை அறியும் உணரிகளும் உண்டு. மரத்தூள் புகுந்து கெடும் பயம் இவற்றுக்குக் குறைவு. பெரும்பாலும் மூன்று வயர்கள்: மண்ணிறம் நேர்முனை, நீலம் எதிர்முனை, கறுப்பு செய்தி. 4 மில்லிமீற்றர் தூரம் என்று எழுதியிருந்தால் அது இரும்புக்கு. அலுமினியமானால் அதில் பாதியும் தேறாது. இதிலும் என்.சீ. வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆர்டுயினோ தாங்குவது 5 வோல்ட். 12 வோல்டில் இயங்கும் உணரியின் செய்தி வயரை நேரே அதில் கொடுத்தால் பலகை பழுதாகலாம். இடையில் ஒப்டோ கப்ளர் என்ற சிறு பாகத்தை வைப்பது நல்லது.

காரணமில்லாமல் இயந்திரம் அடிக்கடி நின்றால் பிள்ளைகள் பொறுமையிழந்து சுவிச்சையே கழற்றிவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மோட்டர் வயரோடு சுவிச் வயரையும் ஒன்றாகக் கட்டியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் விலக்கிக் கொண்டுபோய், சுவிச்சுக்கு உலோக வலை சுற்றிய வயர் போட்டால் சரியாகும்.

இன்னொன்று: எல்லைச் சுவிச் அவசர நிறுத்தம் அல்ல. வெட்டும் கருவியை நேரே சுவர்ப் பிளக்கில் போட்டிருந்தால், தலை நின்றாலும் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். எட்டும் தூரத்தில், எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை ஒரே தட்டில் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கட்டாயம் வேண்டும். கத்திக்குப் போவது 230 வோல்ட் என்பதால் உலோகச் சட்டத்துக்கு எர்த் வயரும் வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படியொரு இயந்திரம் உருவானால் பயந்து தடுக்காதீர்கள். முதன்முறை ஓட்டும் முன், கத்தியைக் கழற்றிவிட்டு இரண்டு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். தலை மெதுவாக நடுவில் நகரும்போது முனையிலுள்ள சுவிச்சைக் கையால் அழுத்தட்டும், நிற்க வேண்டும். மறுபடி நகரும்போது சுவிச்சின் வயரைக் கழற்றட்டும். அப்போதும் நிற்க வேண்டும்.

இரண்டாவது சோதனையில் நிற்காவிட்டால், "வயரை மாற்றிப் போடு மகன்" என்று சொல்லுங்கள். என் மகன் மாற்றிப் போட்டுவிட்டான். பிளந்த பலகையை மட்டும் நான் எறியவில்லை. விறாந்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.